கால்வாய் கட்டியாச்சு, தண்ணீர் எங்கே போகும்?



தெருவுக்கு சிமெண்ட் கால்வாய் வருகிறதே, சார் ஏன் சந்தோஷப்படவில்லை என்று இரண்டு பேர் போனில் கேட்டீர்கள். வாசலில் தேங்காது, கொசு குறையும், சரி. ஆனால் அந்தக் கால்வாய் போய் முடிவது குளத்தில். வாசலில் கிடந்ததைக் குளத்துக்கு அனுப்புவதற்குப் பெயர் சுகாதாரம் இல்லை, இடமாற்றம்.

ஒரு கணக்குப் போடுங்கள் (வாத்தியார் புத்தி போகுமா?). ஜல் ஜீவன் திட்டத்தில் ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர். வீட்டுக்கு வரும் தண்ணீரில் சுமார் 80 சதவீதம் கழிவாகத் திரும்பும் என்பது பொறியாளர் கணக்கு. ஆளுக்கு 44 லிட்டர். ஐந்து பேர் வீட்டுக்கு 220. ஆயிரம் வீடு என்றால் தினமும் 2,20,000 லிட்டர்! குழாய்க்குப் போராடினோம், அது திரும்பிப் போகும் வழிக்கு யாரும் வாய் திறக்கவில்லை.

சோப்புத்தூளும் சாக்கடைச் சத்தும் ஆகாயத்தாமரைக்கு விருந்து. அது குளத்தை மூடினால் பிராணவாயு குறைந்து மீன் செத்து மிதக்கும். அந்தத் தண்ணீர் பாய்ந்த வயலில் நெல் தளதளவென்று நிற்கும்; ஏமாந்துவிடாதீர்கள். தழைச்சத்து மிஞ்சினால் பயிர் சாயும், பதர் கூடும். சோப்பிலுள்ள சோடியம் சேரச் சேர மண் இறுகும். இதெல்லாம் கண்ணுக்குத் தெரிகிற கேடு. தெரியாதது நைட்ரேட். மண்ணில் இறங்கிக் கிணற்றிலும் போரிலும் சேரும், கொதிக்க வைத்தாலும் போகாது. குடிநீரில் லிட்டருக்கு 45 மில்லிகிராம்தான் எல்லை. அது மிஞ்சிய தண்ணீரில் பால்பவுடர் கரைத்துக் கொடுத்தால், கைக்குழந்தையின் ரத்தம் பிராணவாயுவைச் சுமக்க முடியாமல் உடம்பு நீலம் பாய்ந்துவிடும்.

திருச்சி போகும்போது உய்யக்கொண்டான் வாய்க்காலைப் பாருங்கள். சோழர் காலத்துப் பாசன வாய்க்கால். ஊருக்குள் காவிரியாக நுழைந்து, சாக்கடையும் சேர்ந்து வெளியேறுகிறது. கிழக்கே உள்ள வயல்களுக்கு அதுதான் பாசனம். பஞ்சப்பூரில் சுத்திகரிப்பு நிலையம் இருக்கிறது. அந்தக் குழாயில் சேராத கழிவுக்கு அதனால் என்ன பயன்?

நமக்குப் பெரிய நிலையம் வேண்டாம். சமையல், குளியல் தண்ணீர் வாழைக்கும் தென்னைக்கும் போகட்டும். செப்டிக் டேங்க் குழாயை மட்டும் தயவுசெய்து கால்வாயில் இணைக்காதீர்கள். மிஞ்சியது குளத்துக்குள் விழும் முன் ஒரு வண்டல் தொட்டி, அடுத்து கல்வாழையும் நாணலும் நட்ட ஜல்லிப் படுகை.

மார்ச் 22 தண்ணீர் தினத்தன்று கிராம சபை கூடும். "கால்வாய் வரைபடத்தில் கடைசிப் புள்ளி எது?" என்று கேட்டு, பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுத வையுங்கள். வெளியூரில் இருப்பவர்கள் ஊரிலுள்ள அண்ணன் தம்பியைக் கேட்கச் சொல்லுங்கள். நானும் வருகிறேன்.