கம்பவுண்டரும் கடவுளும்

டாக்டரைக் கடவுள் என்று கும்பிடுவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. கும்பிட விரும்புகிறவர்கள் கும்பிடட்டும். ஆனால், கடவுள் எழுதிய சீட்டில் பிழையே இராது என்று நம்பி, அந்தப் பிழையைக் கண்டுபிடிப்பதற்கென்றே படித்த மனிதரை வாயடைத்து ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்த்தி வைத்திருக்கிறோமே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கிறவரை நாம் இன்னும் 'கம்பவுண்டர்' என்றுதான் நினைக்கிறோம். அந்தக் காலத்தில் அவர் மருந்தைக் கலந்து, சீசாவில் அளவுக் காகிதம் ஒட்டிக் கொடுத்தார். இன்று மாத்திரை அட்டையைக் கத்தரித்து உறையில் போட்டு, "காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று" என்கிறார். அதற்கு மேல் பேசினால் அவர் அதிகப்பிரசங்கி!

மெத்தோட்ரெக்சேட் என்று ஒரு மருந்து. மூட்டுகளை முடக்கும் வாத நோய்க்கு வாரத்தில் ஒரே ஒரு நாள் சாப்பிட வேண்டியது. கைதவறி அது 'தினமும்' என்று ஆகிவிட்டால் வாயெல்லாம் புண்ணாகும், எலும்பு மஜ்ஜை ரத்தம் உற்பத்தி செய்யும் சக்தியை இழக்கும், உயிரே போகலாம். பல தேசங்களில் போயிருக்கிறது. இதைத் தடுக்க என்ன பிரமாத யந்திரம் வேண்டும்? "டாக்டர், இது வாரத்துக்கு ஒரு தடவைதானே?" என்று கேட்க ஒரு வாய் வேண்டும். அவ்வளவுதான்.

'டாக்டரைக் கேள்வி கேட்பதா? அவருடைய கௌரவம் என்ன ஆவது?' என்பார்கள். பாஸ்டன் நகரத்தில் மாசசூஸட்ஸ் பொது மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவில் இதைச் சோதித்தே பார்த்தார்கள். டாக்டர்கள் நோயாளிகளைப் பார்த்து வரும்போது ஒரு மருந்தாளரும் கூடவே போனார். 1999இல் முடிவு வெளிவந்தது. மருந்து எழுதுவதில் நேரும், தவிர்த்திருக்கக்கூடிய தீங்குகள் 66 சதவிகிதம் குறைந்தன. அவர் சொன்ன 366 யோசனைகளில் 362ஐ டாக்டர்கள் ஏற்றுக்கொண்டார்கள். அத்தனை தடவை தலையசைத்த அந்த டாக்டர்களின் கௌரவம் ஒன்றும் குறைந்துவிடவில்லை.

'இங்கே அப்படிப் படித்தவர்கள் ஏது?' என்பது அடுத்த சாக்கு. பதிவு பெற்றவர்தான் மருந்து கொடுக்க வேண்டும் என்று நம் தேசத்தில் 1948லேயே சட்டம் வந்துவிட்டது. 2008இல் ஃபார்ம்.டி. படிப்பும் வந்தது. ஆறு வருஷம், அதில் கடைசி வருஷம் முழுவதும் பயிற்சி. இவ்வளவும் படித்து வருகிறவருக்கு நோயாளியின் கட்டிலருகே இடம் தரும் ஆஸ்பத்திரிகள் எத்தனை? மருந்துக் கம்பெனிக்கோ அயல்நாட்டுக்கோ போய்விடுகிறவர்களை நாம் எந்த முகத்தோடு குறை சொல்வது?

'பயிற்சி போதாது' என்கிறார்கள். வாஸ்தவம், பல பேருக்குப் போதாதுதான். தண்ணீரில் இறங்கவே விடாமல் நீச்சல் தெரியவில்லை என்றால் எப்படி?

'பணம் ஏது?' என்றும் கேட்பார்கள். மருந்துப் பிழைகளால் உலகத்துக்கு வருஷந்தோறும் 4,200 கோடி டாலர் நஷ்டம் என்று 2017இல் உலக சுகாதார நிறுவனம் கணக்குச் சொன்னது. சம்பளத்தை மிச்சம் பிடித்து இந்த நஷ்டத்தை வாங்குவதற்குச் சிக்கனம் என்றா பெயர்?

ஆஸ்பத்திரி நிர்வாகிகள் தாமாக மாறுவார்கள் என்று காத்திருப்பதில் பயனில்லை. கேட்க வேண்டியவர்கள் நாம். ஜன்னலில் சீட்டை நீட்டும்போது "சீக்கிரம் கொடுங்கள்" என்று அவசரப்படுத்தாமல், "ஏற்கெனவே சாப்பிடும் மருந்துகளோடு இதைச் சேர்த்துச் சாப்பிடலாமா?" என்று கேளுங்கள். பத்துப் பேர் கேட்டால் முணுமுணுப்பார்கள். ஆயிரம் பேர் கேட்டால், பதில் சொல்லத் தெரிந்த ஒருவரை அங்கே வைத்துத்தான் தீர வேண்டும்.