காலித் தொட்டி காலியல்ல!



ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்ததும் எங்கள் ஊர் மையவாடியில் புல்லும் பூண்டும் இடுப்பளவு வளர்ந்து நிற்கும். முன்பெல்லாம் அரிவாளுடன் பத்துப் பேர் இறங்கி இரண்டு நாட்கள் பாடுபடுவார்கள். இப்போது பள்ளிவாசலுக்கென்று புல் வெட்டும் இயந்திரம் ஒன்று இருக்கிறது. 'பிரஷ் கட்டர்' என்றால் எல்லோருக்கும் தெரியும். தோளில் மாட்டிக்கொண்டு ஓர் இளைஞர் ஒரு காலைப் பொழுதிலேயே பெரும்பகுதியை வெட்டி முடித்துவிடுகிறார்.

சென்ற மழைக்காலம் முடிந்த சமயம், ஒரு நாள் அஸர் தொழுகைக்குப் பின் பள்ளியின் பின்கட்டுக்குச் சென்றேன். அங்கே பதினெட்டு வயது மதிக்கத்தக்க ஒரு தம்பி அடுப்பின் முன் குந்தியிருந்தார். அடுப்பின் தணலில் ஒரு ஸ்குரூ டிரைவர் சிவந்துகொண்டிருந்தது. அவர் மடியிலோ, அந்த இயந்திரத்தின் பால் நிறப் பிளாஸ்டிக் பெட்ரோல் தொட்டி!

"என்ன தம்பி செய்கிறாய்?" என்றேன்.

"பெட்ரோல் ஒழுகுகிறது காக்கா. சூடு வைத்து இழுத்துவிட்டால் பிளாஸ்டிக் உருகி ஒட்டிக்கொள்ளும். தெருவில் குடம் ஒட்டுகிறவர் இப்படித்தானே ஒட்டுகிறார்?"

"தொட்டியில் இருந்த பெட்ரோல்?"

"எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன் காக்கா. தொட்டி காலி. பயமில்லை."

நான் வேறெதுவும் பேசவில்லை. முதலில் அடுப்பை அணைத்தேன். பிறகு தொட்டியை வாங்கிக்கொண்டு அவரையும் அழைத்துக்கொண்டு திறந்த வெளிக்கு வந்தேன். 'பயமில்லை' என்று அவர் சொன்ன சொல்தான் எனக்குப் பெரும் பயத்தைத் தந்தது. அந்தச் சொல்லைப் பற்றித்தான் இம்மாதம் உங்களுடன் பேச விரும்புகிறேன்.

காலித் தொட்டிக்குள் இருப்பது என்ன?

பெட்ரோல் எரிகிறது என்று நாம் சொல்கிறோம். உண்மையில் எரிவது பெட்ரோல் அன்று. அதிலிருந்து எழும் ஆவியே எரிகிறது. உறைபனியைவிட நாற்பது டிகிரி குறைவான குளிரிலும் பெட்ரோல் தீப்பற்றத்தக்க ஆவியை வெளியிட்டுக்கொண்டிருக்கும். அவ்வாறாயின் நம் நாட்டு வெயிலில் அது எவ்வளவு ஆவியை வெளியிடும் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை.

அந்த ஆவி எரிவதற்கும் ஓர் அளவு உண்டு. காற்றில் நூற்றுக்கு ஏறத்தாழ ஒன்றரைப் பங்கு முதல் ஏழரைப் பங்கு வரை பெட்ரோல் ஆவி கலந்திருந்தால் மட்டுமே அது வெடிக்கும். அதற்குக் குறைந்தால் பற்றாது, மிகுந்தாலும் பற்றாது. பெட்ரோல் நிறைந்த தொட்டிக்குள் ஆவி மிகுந்தும் காற்று குறைந்தும் இருக்கும். ஆகவே உள்ளே வெடிப்பதற்கு வாய்ப்புக் குறைவு. வெளியே கசிவதுதான் எரியும். ஆனால் பெட்ரோலைக் கொட்டிவிட்ட தொட்டியில் நிகழ்வது என்ன? பெட்ரோல் இருந்த இடத்தில் காற்று புகுந்துகொள்கிறது. சுவரில் ஒட்டிய சில துளிகள் ஆவியாகி அக்காற்றில் கலக்கின்றன. ஒரு லிட்டர் கொள்ளும் தொட்டியை வெடிகலமாக்க இரண்டு மூன்று துளிகளே போதும். நிறைந்த தொட்டியைவிடக் காலித் தொட்டி கொடியது என்று தொழிலறிந்தோர் சொல்வது இதனால்தான்.

"சோப்புப் போட்டுக் கழுவிவிட்டால்?" என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. இரும்புத் தொட்டியைக் கழுவினாலும் ஆபத்து முற்றிலும் நீங்குவதில்லை. பிளாஸ்டிக் தொட்டியில் இன்னொரு சங்கடமும் உண்டு. நாட்பட்ட பெட்ரோல் அதன் சுவருக்குள்ளேயே ஊறியிருக்கும். கழுவிக் காய வைத்த தொட்டியை முகர்ந்து பாருங்கள், வாடை வரும். சூடு பட்டதும் ஊறியிருந்த பெட்ரோல் மீண்டும் ஆவியாக வெளிப்படும். குடத்துக்கும் இதற்கும் உள்ள வேற்றுமை இதுவே. குடம் தண்ணீர் சுமந்தது. தொட்டி பெட்ரோல் சுமந்தது. பழுத்த ஸ்குரூ டிரைவரோ, சால்டரிங் அயர்னோ, மெழுகுவத்தியோ எதுவானாலும் அதன் அருகே வரக்கூடாது.

ஒழுகுவது தொட்டிதானா?

தொட்டி நனைந்திருந்தால் தொட்டியில்தான் ஓட்டை என்று முடிவு கட்டிவிடுகிறோம். பெரும்பாலும் குற்றவாளி வேறொன்றாக இருக்கும். முதலில் இயந்திரம் நன்றாக ஆறட்டும். திறந்த வெளியில் வைத்து, பிளக்கின் மேலுள்ள வயரைக் கழற்றிவிடுங்கள். தொட்டியின் வெளிப்புறத்தை ஈரம் போகத் துடையுங்கள். பின்னர் குழந்தைக்குப் பூசும் பவுடரை மெல்லத் தூவி, கொஞ்சம் பெட்ரோல் ஊற்றிக் கால் மணி நேரம் காத்திருங்கள். கசிவு தொடங்கும் இடத்தில் பவுடர் நனைந்து கறுக்கும். அதுவே உங்களுக்குச் சாட்சி.

அப்போதும் புலப்படவில்லையெனில், தொட்டியை நிரப்பி ஒழுக விடுங்கள். கீழே ஒரு தட்டு வைத்துக்கொள்ளுங்கள். எந்த மட்டத்துக்கு வந்ததும் ஒழுக்கு நிற்கிறதோ, ஓட்டை அந்த மட்டத்தில்தான் இருக்கிறது. தொட்டி ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக்காதலால் மட்டம் வெளியிலிருந்தே தெரியும்.

நான்கு இடங்களை வரிசையாகப் பாருங்கள்.

முதலாவது, மூடி. அதனுள் இருக்கும் ரப்பர் வாஷர் காய்ந்து வெடித்திருந்தால் சாய்க்கும்போதெல்லாம் ஒழுகும். பல இயந்திரங்களில் காற்றுப் புகுவதற்கான நுண்துளையும் மூடியிலேயே இருக்கும். அது தூசியால் அடைபட்டால், வெயிலில் வைத்த தொட்டிக்குள் அழுத்தம் கூடி, பலவீனமான இடம் எதுவோ அங்கே பெட்ரோலைப் பிதுக்கும். மூடியை மெல்லத் திறக்கும்போது 'புஸ்' என்ற ஓசை வந்தால் ஐயமே வேண்டாம்.

இரண்டாவது, டியூப்கள் தொட்டிக்குள் நுழையும் இடத்தில் உள்ள ரப்பர் அடைப்பு. கடைகளில் 'குரோமெட்' என்று கேட்டால் கொடுப்பார்கள். இது காலப்போக்கில் கல்லைப் போல் இறுகிவிடும். இயந்திரத்தைச் சாய்த்தால் ஒழுகி, நிமிர்த்தினால் நின்றுவிடும் ஒழுக்கு பெரும்பாலும் இதனால்தான்.

மூன்றாவது, டியூப். இந்தியாவில் 2023 ஆம் ஆண்டு முதல் 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் விற்பனைக்கு வந்துள்ளது. பழைய இயந்திரங்களின் ரப்பர் உறுப்புகள் பல, எத்தனாலை எண்ணிச் செய்யப்பட்டவை அல்ல. அவை ஊதியோ, இறுகியோ, பிசுபிசுத்தோ கெட்டுப்போகும். டியூபை விரலால் வளைத்துப் பாருங்கள். கீறல் தெரிந்தால் மாற்றிவிடுங்கள்.

நான்காவதுதான் தொட்டி. இரு பாதிகளும் சேரும் விளிம்பிலோ, இயந்திரத்தின் அதிர்வால் உலோகத்துடன் உராயும் இடத்திலோ கீறல் விழும்.

குரோமெட்டும் டியூபும் மாற்றும் முறை

இது வீட்டிலேயே செய்யத்தக்க வேலை. பழைய டியூபையும் குரோமெட்டையும் கடைக்குக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். கண்ணளவு போதாது, மயிரிழை பருமன் மாறினாலும் மீண்டும் ஒழுகும். பெட்ரோலுக்கென்றே செய்த டியூபை வாங்குங்கள். மீன் தொட்டிக்குப் போடும் கண்ணாடிபோன்ற டியூபைச் சிலர் மாட்டிவிடுகிறார்கள். சில வாரங்களில் அது மரக்குச்சி போல் விறைத்துப் போகும்.

புதிய டியூபின் நுனியைச் சாய்வாக வெட்டுங்கள். அந்தக் கூர் முனை துளைக்குள் எளிதில் நுழையும். ஒரு துளி எண்ணெய் தடவி, நோஸ் பிளேயரால் மறுபக்கம் பற்றி இழுங்கள். உள்முனையில் பில்டரை மாட்டி, அது தொட்டியின் அடிவரை எட்டுகிறதா என்று பாருங்கள். எட்டாவிட்டால் பெட்ரோல் பாதி இருக்கும்போதே இயந்திரம் நின்றுவிடும். எந்த டியூப் கார்புரேட்டருக்கு, எந்த டியூப் ரப்பர் குமிழுக்கு என்பதைக் கழற்றும் முன்பே தாளில் வரைந்து வைத்துக்கொள்ளுங்கள்.

பசை ஏன் ஒட்டுவதில்லை?

தொட்டியிலேயே கீறல் என்றால்? கடையில் விற்கும் பசைகளை ஒவ்வொன்றாக வாங்கிப் பூசுவோர் பலர். இரண்டு நாள் நிற்கும். மூன்றாம் நாள் பொருக்குப் போல் உரிந்து வரும். பசையைக் குறை கூறிப் பயனில்லை. இத்தொட்டிகள் பெரும்பாலும் பாலிஎத்திலீன் என்னும் பிளாஸ்டிக்கால் ஆனவை. 1933 ஆம் ஆண்டு இங்கிலாந்தில் கண்டறியப்பட்ட இப்பொருளின் கெட்டியான வகையை, 1953 ஆம் ஆண்டு ஜெர்மனியில் கார்ல் சீக்லர் என்னும் விஞ்ஞானி உருவாக்கினார். பெட்ரோல் அதைக் கரைக்காது என்பது அதன் சிறப்பு. எதுவும் அதன்மேல் பிடித்து நிற்காது என்பது அதே குணத்தின் மறுபக்கம். தாமரை இலையில் தண்ணீர் போலத்தான் அதில் பசை!

உங்கள் தொட்டி எந்த வகை என்று அறிய எளிய வழி உண்டு. அதன் அடியில் 'பி.இ.' என்ற ஆங்கில எழுத்துகளோ, முக்கோணத்துக்குள் 2 என்ற எண்ணோ இருந்தால் அது பாலிஎத்திலீன். குறி இல்லையெனில், விளிம்பில் கத்தியால் ஒரு சிறு துணுக்கைச் சீவித் தண்ணீரில் போட்டு அமுக்கி விடுங்கள். மிதந்தால் பாலிஎத்திலீன் இனம். மூழ்கினால் நைலான் போன்ற வேறு இனம். நைலானில் எப்பாக்ஸிப் பசை ஓரளவு பிடிக்கும். எனினும் பெட்ரோலும் அதிர்வும் சேர்ந்து நாளடைவில் அதையும் தளர்த்திவிடும்.

பாலிஎத்திலீனை உருக்கி ஒட்டத்தான் வேண்டும். அது பயிற்சி பெற்றவர்கள், தொட்டியை முறைப்படி சுத்தம் செய்து, உள்ளே ஆவியே இல்லாதபடி ஏற்பாடு செய்துகொண்டு செய்யும் வேலை. புல்வெட்டியின் சிறு தொட்டிக்கு அவ்வளவு பாடு தேவையில்லை. புதிய தொட்டியை வாங்கி மாட்டுவதே சிக்கனம், அதுவே பாதுகாப்பு.

வேலைக்கு நடுவே கீறல் கண்டால், குளிக்கும் சோப்பை அழுத்தித் தேய்த்து அடைப்பார்கள் லாரி ஓட்டுநர்கள். சோப்பு பெட்ரோலில் கரையாது என்பதால் சிறிது நேரம் நிற்கும். மீதிப் பெட்ரோலை வேறு கலத்துக்கு மாற்றும் வரைக்கும்தான் அது உதவும்; அதை நம்பி மேலும் ஓட்ட வேண்டாம்.

இல்லத்தரசிகளின் கவனத்துக்கு

ஒழுகும் இயந்திரத்தை வீட்டுக்குள், குறிப்பாகச் சமையலறைக்கு அருகில் வைக்க அனுமதிக்காதீர்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனமானது. அது மேலே எழும்பிக் கலைந்து போகாது. தரையோடு ஊர்ந்து அடுப்பைத் தேடிவரும்.

வடித்த பெட்ரோலைக் குளிர்பான பாட்டிலில் ஊற்றி வைக்கும் பழக்கம் மிகவும் கொடியது. தாகத்துடன் ஓடிவரும் குழந்தைக்கு அது என்னவென்று தெரியுமா? தவறிக் குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். வாந்தியுடன் அது நுரையீரலுக்குள் புகுந்தால் உயிருக்கே ஆபத்து. உடனே மருத்துவமனைக்கு விரையுங்கள். டியூபை வாயில் வைத்து உறிஞ்சிப் பெட்ரோல் எடுப்பதும் இதே காரணத்தால் கூடாது.

பெட்ரோல் தீயில் தண்ணீர் ஊற்றினால் எரியும் பெட்ரோல் தண்ணீரின் மேல் மிதந்து பரவும். ஒரு வாளி மணலை அருகில் வைத்துக்கொண்டே வேலையைத் தொடங்குங்கள்.

அந்தத் தம்பியின் கதை

பவுடர் தூவிப் பார்த்தோம். தொட்டியில் கீறலே இல்லை! இறுகிப்போன குரோமெட் ஒன்றுதான் குற்றவாளி. அதன் விலை ஒரு வேளைச் சிற்றுண்டிக்கும் குறைவு. அந்தச் சின்னஞ்சிறு ரப்பருக்காக, முகத்தையும் கண்களையும் இழக்க இருந்தார் அந்தப் பிள்ளை.

"நிர்வாகியிடம் சொல்லியிருக்கலாமே?" என்று கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டார்.

"பள்ளிவாசல் பொருளைக் கெடுத்துவிட்டான் என்று சொல்வார்களே காக்கா. அதனால்தான் யாருக்கும் தெரியாமல் சரிசெய்ய நினைத்தேன்."

மறுநாள் அவருடன் நானும் நிர்வாகியிடம் சென்றேன். அவர் குரோமெட்டை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். "இதைச் சொல்வதற்கா பயந்தாய்?" என்று கேட்டுவிட்டு, வெகுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "போன வருடம் ஏணி உடைந்தபோது நான் சத்தம் போட்டேன். அதுதான் இவனைப் பயமுறுத்தியிருக்கிறது" என்றார்.

பெற்றோர்களே, பெரியவர்களே! பழுதைப் பழுது பார்க்கும் முறையை எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆயினும் என் மனத்தில் நிற்பது நிர்வாகியின் அந்தச் சொல்தான். உடைந்ததை உடைந்தது என்று பிள்ளைகள் நம்மிடம் அச்சமின்றிச் சொல்ல வேண்டும். சொல்ல முடியாத பிள்ளை, பின்கட்டில் தனியே அமர்ந்து அடுப்பைப் பற்றவைக்கும். அவ்வேளையில் அங்கே யாராவது தற்செயலாக வருவார்கள் என்பதற்கு என்ன உறுதி?