தூய இரத்தமா, சந்தையா? பந்தயக் குதிரைகளின் தகுதி விதிகள் எழுப்பும் கேள்வி

'தரோபிரெட்' எனப்படும் உயர் இனப் பந்தயக் குதிரைக்கு வேகம் மட்டும் போதாது. அதன் தாயும் தந்தையும் அங்கீகரிக்கப்பட்ட வம்சாவளிப் பதிவேட்டில் இடம்பெற்றிருக்க வேண்டும். அது இயற்கையான இணைசேர்க்கையில் பிறந்திருக்கவும் வேண்டும். செயற்கைக் கருவூட்டலில் பிறந்த குதிரை பதிவு செய்யப்படுவதில்லை.

இனத் தூய்மையைப் பேணுவதே இவ்விதிகளின் நோக்கம் என்று அமைப்புகள் கூறுகின்றன. ஆனால் யாருடைய சந்தை காக்கப்படுகிறது என்ற கேள்வியும் நெடுங்காலமாகவே இருந்து வருகிறது.

ஜெர்சி சட்டம்

அமெரிக்காவில் சூதாட்டத்துக்கு எதிரான சட்டங்களால் 1911, 1912 ஆம் ஆண்டுகளில் நியூயார்க்கில் பந்தயங்கள் நின்றுபோயின. அந்நாட்டுக் குதிரைகள் பெருமளவில் ஐரோப்பாவுக்கு வந்தன. இதையடுத்து, 1913 இல் பிரிட்டிஷ் வம்சாவளிப் பதிவேடு தனது விதியை இறுக்கியது. மூதாதையர் அனைவரும் ஏற்கெனவே அப்பதிவேட்டில் உள்ளவர்களாக இருந்தால் மட்டுமே இனி இடம் என்று அது அறிவித்தது. நாடாளுமன்றம் இயற்றாத இவ்விதி 'ஜெர்சி சட்டம்' என்றே அறியப்பட்டது.

மறு ஆண்டே அதன் முரண்பாடு வெளிப்பட்டது. அமெரிக்க வம்சாவளி கலந்த 'டர்பார் II' 1914 இல் எப்சம் டெர்பியை வென்றது. பந்தயத்தில் ஓடும் உரிமை அதற்கு இருந்தது. தூய இனம் என்ற பெயர் மட்டும் மறுக்கப்பட்டது.

1948 இல் பரோடா மகாராஜாவின் 'மை பாபு', அமெரிக்காவில் பிறந்த 'பிளாக் டார்க்வின்' ஆகிய இரு 'தகுதியற்ற' குதிரைகளும் பிரிட்டனின் முக்கியப் பந்தயங்களை வென்றன. மறு ஆண்டு விதி தளர்த்தப்பட்டது. இத்தனைக்கும், இவ்வினத்தின் ஆண் வழி மூலவர்களாகக் கருதப்படும் மூன்று குதிரைகளும் கிழக்கிலிருந்து இங்கிலாந்துக்குக் கொண்டுவரப்பட்டவையே.

இன்றைய மோதல்கள்

செயற்கைக் கருவூட்டலுக்கான தடை வர்த்தகத்தைக் கட்டுப்படுத்துகிறது என்று ஆஸ்திரேலியாவில் புரூஸ் மக்ஹியூ தொடுத்த வழக்கு 2012 இல் தள்ளுபடியானது. தடையை நீக்கினால் ஆஸ்திரேலியக் குதிரைகளைப் பிற நாடுகள் ஏற்காது என்பது எதிர்த்தரப்பின் முக்கிய வாதம். மரபணுச் சோதனை பெற்றோரை ஐயமின்றி நிறுவக்கூடிய காலத்தில், ஆள்மாறாட்ட அச்சம் என்ற பழைய காரணம் வலுவிழந்துவிட்டது. எஞ்சியிருப்பது, பொலிகுதிரைகளின் விலையைத் தாங்கி நிற்கும் அருமைதான்.

மறுபுறம், நெருங்கிய உறவுகளுக்குள் நடக்கும் இனப்பெருக்கம் அதிகரித்து வருவதாக மரபணு ஆய்வுகள் எச்சரிக்கின்றன. 2020 இலும் அதற்குப் பின்னரும் பிறந்த பொலிகுதிரை ஒன்று ஆண்டுக்கு 140 பெட்டைக் குதிரைகளுக்கு மேல் இணைசேரக் கூடாது என்று அமெரிக்க ஜாக்கி கிளப் 2020 இல் விதித்தது. பெரும் பண்ணைகள் வழக்குத் தொடுத்தன. கென்டக்கி சட்டமன்றத்திலும் எதிர்ப்பு எழுந்தது. 2022 பிப்ரவரியில் விதி கைவிடப்பட்டது.

இரு நிகழ்வுகளும் ஒன்றையே உணர்த்துகின்றன: சந்தையைக் காக்கும் தகுதி விதி நீடிக்கிறது, இனத்தைக் காக்க முற்பட்டு, சந்தையைச் சீண்டும் விதி நிலைப்பதில்லை. இதன் விலையைச் செலுத்தப்போவது, பிரபல பொலிகுதிரைகளை நாடும் வசதியற்ற சிறு பண்ணையாளர்களும், நாளை பிறக்கவிருக்கும் குதிரைகளுமே.