பார் அறிந்தவர்களுக்கும் பங்கு வேண்டும்

ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே உள்ள 21 தீவுகளைச் சுற்றி வளர்ந்தவை மன்னார் வளைகுடாப் பவளப்பாறைகள், அதாவது பார்கள். 1986-இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட இப்பகுதி வனத்துறையின் காவலில் உள்ளது. ஆராய்ச்சி நிறுவனங்கள் அவ்வப்போது கணக்கெடுக்கின்றன. ஆனால், ஆய்வாளர்கள் எல்லாத் தீவுகளிலும் எல்லா நாளும் மூழ்கிக்கொண்டிருக்க முடியாது.

கோடையில் கடல்நீர் அளவு மீறிச் சூடேறினால், பவள உயிரி தன் திசுவில் வாழ்ந்து உணவூட்டும் நுண்பாசிகளை வெளியேற்றிவிடுகிறது. பாறை வெளுக்கிறது. விரைவில் நீர் குளிர்ந்தால் பிழைக்கும். சூடு நீடித்தால் சாகும். 2010-லும் 2016-லும் இங்கே பெருமளவு வெளுப்பு நேர்ந்தது. வெளுப்பு எங்கே, எப்போது தொடங்கியது என்று தெரிந்தால்தான் எந்தப் பார் தாங்கியது, எது அழிந்தது என்று சொல்ல முடியும்.

இதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகம் 2002-இல் தொடங்கிய ‘கோரல்வாட்ச்’ திட்டத்தில் ஒரு நிற அட்டைதான் கருவி. பவளத்தின் மிக வெளிறிய இடத்தையும் மிக அடர்ந்த இடத்தையும் அட்டையில் 1 முதல் 6 வரை உள்ள நிறங்களோடு ஒப்பிட்டு எண்ணைக் குறிக்க வேண்டும், அவ்வளவே.

விரலில் துணி சுற்றி, கண்ணாடி அணிந்து கடற்பாசி எடுக்க மூழ்கும் பெண்களும், சங்கு குளிப்பவர்களும் இதைச் செய்ய முடியாதா? அவர்கள் பிழைப்பே இந்தக் கடல்தான். சட்டமோ பூங்காவுக்குள் வரும் அவர்களை அத்துமீறுபவர்களாக மட்டுமே பார்க்கிறது.

பயிற்சியற்றவர் தரும் தகவலை நம்பலாமா என்ற கேள்வி நியாயமானது. கலங்கிய நீரில் நிறம் மாறித் தெரியும். செத்த பவளத்தின்மேல் பாசி படர்ந்தால் அது உயிருள்ளதுபோல் கண்ணை ஏமாற்றும். முறையான பயிற்சியும், ஒரே பாறையை இருவர் தனித்தனியே அளப்பதும், படமும் இருந்தால் இப்பிழைகள் பெரிதும் குறையும். மக்கள் தருவது முதல் எச்சரிக்கை; உறுதிசெய்வது ஆய்வாளர் வேலை.

வெளுப்புக்கு வாய்ப்பு மிகுந்த மாதங்களிலேயே ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடைக்காலமும் வருகிறது. அந்நாள்களில் வேலையின்றி இருக்கும் கடலோர மக்களுக்குக் கூலி தந்தே இப்பணியைத் தொடங்கலாம். தகவல் தருபவர் மீதே வழக்கு பாயாது என்ற எழுத்துப்பூர்வ உறுதி அதற்கு முன் வேண்டும். இல்லையேல் ஒருவரும் வாய் திறக்க மாட்டார். திரட்டிய விவரம் அந்தந்தக் கிராமத்துக்கே தமிழில் திரும்பிச் செல்ல வேண்டும். அடுத்த கோடைக்கு முன் வனத்துறை இதற்கான ஆணையைப் பிறப்பிக்க வேண்டும்.