வாந்தியை நிறுத்தும் ஊசி

"ஆபரேஷன் அன்னிக்கு வாந்தி வராம இருக்க ஸ்டீராய்டு ஊசி போடுவாங்களாமே டாக்டரம்மா, உடம்பைக் கெடுத்துடாதா?"

கர்ப்பப்பை, பித்தப்பை ஆபரேஷனுக்கு வரும் சகோதரிகள் பலர், மயக்க மருந்து கொடுக்கும் என்னிடம் இப்படிக் கேட்கிறார்கள்.

ஆபரேஷனுக்குப் பிறகு குமட்டலும் வாந்தியும் ஆண்களைவிட நமக்குத்தான் அதிகம். பஸ்ஸில் ஏறினாலே வயிற்றைப் புரட்டுகிறவர்களுக்குக் கேட்கவே வேண்டாம். தையல் போட்ட வயிற்றோடு வாந்தி எடுப்பது எவ்வளவு வேதனை! அதனால்தான் டெக்ஸாமெதாஸோன் என்ற மருந்தை 4 முதல் 8 மில்லிகிராம் வரை ஊசியில் செலுத்துகிறோம். வாந்தி வரும் வாய்ப்பு சுமார் கால் பங்கு குறைகிறது.

சரி, உள்ளே என்ன நடக்கிறது? சிறுநீரகங்களின் மேல் குல்லாய் வைத்தாற்போல் அட்ரீனல் சுரப்பிகள் இருக்கின்றன. உடம்புக்கு நெருக்கடி வந்தால் இவை கார்ட்டிஸால் என்ற ஹார்மோனை அதிகம் சுரக்கும். கத்தி பட்ட உடம்பில் அது மளமளவென்று ஏறும். டெக்ஸாமெதாஸோனும் அதே ஜாதிதான்; வீரியம் மட்டும் சுமார் 25 மடங்கு. அது ரத்தத்தில் கலந்ததும், 'போதுமான அளவு இருக்கே' என்று மூளையடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி உத்தரவு போடுவதை நிறுத்திவிடும். அட்ரீனலும் சும்மா இருந்துவிடும். அதனால் ஒன்றிரண்டு நாள் ரத்தப் பரிசோதனையில் கார்ட்டிஸால் குறைவாகத் தெரியலாம். 'சுரப்பியே போச்சு' என்று பதற வேண்டாம். கார்ட்டிஸாலின் முக்கிய வேலையை அந்த மருந்தே பார்த்துக்கொள்ளும். ஒரே ஊசி என்பதால் சுரப்பியும் தானாகவே பழைய நிலைக்கு வந்துவிடும்.

தையல் சீழ் பிடிக்குமோ என்ற பயமா? 2021-ல் வெளியான, 8,000 பேருக்கு மேல் கலந்துகொண்ட ஆராய்ச்சியில், 8 மில்லிகிராம் கொடுத்தும் அந்தத் தொல்லை கூடவில்லை. சர்க்கரை வியாதி உள்ளவர்கள் மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஊசிக்குப் பிறகு ஒரு நாளாவது ரத்தச் சர்க்கரை ஏறும்; அடிக்கடி பார்த்துக்கொள்ள வேண்டும்.

எனக்குக் கவலை இந்த ஒரு ஊசியைப் பற்றியல்ல. ஆஸ்துமாவுக்கோ மூட்டுவலிக்கோ மாதக்கணக்கில் ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டுவிட்டு, எங்களிடம் வாயே திறக்காத பெண்களைப் பற்றித்தான். அவர்களுடைய அட்ரீனல் சுரக்கவே மறந்து போயிருக்கும். ஆபரேஷன் சமயத்தில் மாத்திரையைச் சட்டென்று நிறுத்தினால் ரத்த அழுத்தம் விழுந்து உயிருக்கே ஆபத்தாகலாம்.

ஆகவே, வீட்டில் நீங்கள் சாப்பிடும் மாத்திரை, பொடி, லேகியம் எதுவானாலும் ஒரு பையில் போட்டு எடுத்து வாருங்கள். பெயர் தெரியாவிட்டால் பரவாயில்லை; அட்டையைக் காட்டினால் போதும். யாரும் கோபிக்க மாட்டோம்.