கொழுந்து காத்திராது

தொழில் தொடங்க எண்ணும் இளைஞர்கள் நம்மிடம் ஆலோசனை கேட்பதுண்டு. முதல் எவ்வளவு வேண்டும் என்பது அவர்களது முதற் கேள்வி. பட்டினத்தில் இடம் கிடைக்குமா, வாடகை என்ன என்பன அதற்கு அடுத்தவை. செய்யப்போகும் பொருளின் தரத்தைப் பற்றி வினவுவோர் மிகச் சிலரே. வினவினால், “அதைப் பிறகு பரிசோதித்துக் கொள்ளலாம்” என்பார்கள். இடம் வாடகைக் கணக்கைச் சேர்ந்தது, தரம் பரிசோதகரின் வேலையைச் சேர்ந்தது என்று இரண்டையும் வேறாக்கி வைத்திருக்கின்றோம். இவ்வெண்ணம் எத்துணைத் தவறானது என்பதை நாம் நாள்தோறும் அருந்தும் தேநீரே காட்டும்.

மலைநாட்டுக்குப் புகைவண்டியிற் செல்வோர், பசுந்தோட்டங்களின் நடுவே வரிசை வரிசையான சாளரங்களுடன் உயர்ந்து நிற்கும் தேயிலைத் தொழிற்சாலைகளைக் கண்டிருப்பர். துறைமுகமும் சந்தையும் கொழும்பில் இருக்க, இவற்றை மலைச்சரிவிற் கட்டியது ஏன்?

பாரம் ஒரு காரணம். ஒரு கிலோ தேயிலை செய்ய ஏறத்தாழ நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து வேண்டும். மிகுதி பெரும்பாலும் நீரே. அந்நீரை மலையிலிருந்து கொழும்புவரை சுமப்பது வீண் செலவு. செய்முறையில் எடை குறையும் மூலப்பொருளைக் கொண்டு நடக்கும் தொழில், அப்பொருள் கிடைக்கும் இடத்தை நாடும் என்று ஜெர்மன் அறிஞர் அல்பிரட் வேபர் 1909ஆம் ஆண்டிலேயே விளக்கியுள்ளார். நமது காங்கேசன்துறையில் 1950இல் சீமெந்துத் தொழிற்சாலை எழுந்ததற்கும், 1990இல் போரினால் நின்றுபோகும்வரை அஃது அங்கேயே இயங்கியதற்கும் அவ்வூர்ச் சுண்ணாம்புக் கல்லே காரணம்.

ஆயினும் கல்லுக்கும் கொழுந்துக்கும் ஒரு பெரும் வேறுபாடு உண்டு. கல் காத்திருக்கும், கொழுந்து காத்திராது. கிள்ளிய கணத்திலிருந்தே அது மாறத் தொடங்குகின்றது. சாக்கில் அடைத்து அழுத்தினால் உள்ளே சூடேறும். கசங்கிய இடங்கள் சிவக்கும். முறைப்படி வாட்டி, உருட்டி, அதன் பின்னரே நிகழவேண்டிய புளிப்பு, வழியிலேயே தாறுமாறாகத் தொடங்கிவிடும். அவ்வாறு கெட்ட கொழுந்தை எத்தகைய இயந்திரமும் திருத்தமாட்டாது. கடைசியில் ருசி பார்ப்பவர், நூறு மில்லிலீற்றர் நீருக்கு இரண்டு கிராம் தூள் என்ற அளவில் ஆறு நிமிடம் ஊறவைத்துச் சுவைத்துப் பார்க்கிறார். அவர் குற்றத்தைக் கண்டுபிடிக்கலாம், நீக்க முடியாது. ஆகவே தொழிற்சாலையைத் தோட்டத்தருகே அமைத்ததுதான் தேயிலையின் முதலாவது தரப் பரிசோதனை.

இலங்கையில் தேயிலை வாணிகம் பிறந்ததும் இவ்வாறே. 1867இல் லூல்கந்துரவில் பத்தொன்பது ஏக்கரிற் தேயிலை பயிரிட்ட ஜேம்ஸ் டெயிலர், தமது பங்களா விறாந்தையிலேயே மேசைமீது கொழுந்தைக் கையால் உருட்டச் செய்தார். 1872இல் அத்தோட்டத்திலேயே தொழிற்சாலை அமைத்தார். அடுத்த ஆண்டு இலண்டனுக்குச் சென்றது இருபத்துமூன்று றாத்தல் தேயிலை மாத்திரமே.

எனினும், எல்லா வேலையும் தோட்டத்தில்தான் நடைபெறவேண்டும் என்பதன்று. உலர்த்தி ஈரத்தை நூற்றுக்கு மூன்றளவிற்குக் குறைத்தபின், தேயிலைக்குப் பொறுமை வந்துவிடுகின்றது. காற்றும் ஈரமும் புகாமற் காத்தால் கடலையும் கடக்கும். ஆகவே விற்பனை துறைமுகத்தருகே நடக்கலாம். கொழும்பில் முதலாவது தேயிலை ஏலம் 1883 யூலை 30ஆம் நாள் நடைபெற்றது. மூன்று நூற்றாண்டுகளுக்கு மேலாக நடந்துவந்த இலண்டன் ஏலம் 1998இல் முடிவுற்றது. கொழும்பு ஏலமோ இன்றும் தொடர்கின்றது. பொதி செய்யும் இடமும் பொருட்படுத்தத் தக்கதே. தேயிலைச் சபையின் சிங்க இலச்சினையைப் பெற வேண்டுமாயின், உள்ளிருப்பது முழுவதும் இலங்கைத் தேயிலையாகவும், சபை வகுத்த தரத்துக்கு உட்பட்டதாகவும் இருப்பது மட்டும் போதாது. அது இலங்கையிலேயே பொதி செய்யப்பட்டதாகவும் இருத்தல் வேண்டும்.

இனி, இதன் நட்டம் யாரைச் சேர்கின்றது என்று பார்ப்போம். இன்று நம் நாட்டுத் தேயிலையின் பெரும்பகுதி, காலி, மாத்தறை, இரத்தினபுரி முதலிய மாவட்டங்களிலுள்ள சிறு தோட்டக்காரரின் கொழுந்தினாலானது. அவர்களுக்குச் சொந்தத் தொழிற்சாலை இல்லை. லொறி பிந்தினால், கொழுந்து வீதியோரத்தில் வெந்து போகும். ஏலத்தில் விலை விழுந்தால், கொழுந்தின் விலையும் விழும். பெருந்தோட்டத்திலோ, கொழுந்து பறிக்கும் பெண்ணிடம் இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகப் பார்த்துக் கிள்ளு என்று சொல்லுகிறோம். மடுவத்தில் அவள் கூடையை நிறுக்கும்போது, நாளுக்கு இத்தனை கிலோ என்று எடையைக் கேட்கிறோம். எடைக்கு மாத்திரம் கூலி கொடுத்துவிட்டு, தரம் குறைந்தது என்று அவளைக் குறை கூறுதல் நியாயமாகுமா? தரத்தை விரும்புவோர் அதற்கான நேரத்தையும் கூலியையும் கொடுத்தே ஆகவேண்டும். உயர்ந்த தரத்தின் இலாபம் ஒருவருக்கும் அதன் உழைப்பு மற்றொருவருக்குமாகப் பிரிந்திருக்குமிடத்தில் தரம் நெடுநாள் நில்லாது.

இப்பாடம் சிறு தொழிலுக்கும் பொருந்தும். பனங்கட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். சுண்ணாம்பு பூசிய முட்டியில் இறக்கினாலும், கருப்பநீர் நெடுநேரம் இனிப்பாய் இராது, அன்றே காய்ச்சவேண்டும். ஆதலின் அடுப்பு பனந்தோப்பின் அருகே இருத்தல் வேண்டும். காய்ச்சிய கட்டியைப் பொதி செய்வதும் விற்பதும் பட்டினத்தில் நடக்கலாம். இதை மாற்றிச் செய்து, பட்டினத்தில் அழகான கட்டடமும் தோப்பில் புளித்த நீருமாக இருந்தால், முதலும் போய் நற்பெயரும் போகும்.

ஆகவே தொழில் தொடங்குவோர் வாடகையை விசாரிக்குமுன் மூன்று கேள்விகளைத் தம்மையே கேட்டுக் கொள்ளட்டும். நமது பொருள் எந்தக் கட்டத்தில் விரைந்து கெடும்? அக்கட்டம் நடக்கும் இடத்துக்கு அருகே நாம் இருக்கின்றோமா? அவ்விடத்தில் அதைக் கையாளுபவருக்குக் கவனமாகச் செய்ய அவகாசமும் கூலியும் உண்டா? இம்மூன்றுக்கும் விடை கிடைத்தால், கொழும்பில் கடை எடுப்பதா ஊரில் கொட்டகை போடுவதா என்பது தானே தெளிவாகும்.

வீட்டுத் தலைவியருக்கும் ஒரு சொல். தேயிலை அயலிலுள்ள வாசனையை விரைவில் ஏற்றுக்கொள்ளும் இயல்புடையது. மலையில் அத்தனை பேர் பாடுபட்டுக் காத்த மணம், அடுக்களையில் மிளகாய்த்தூளுக்குப் பக்கத்தில் மூடாத தகரத்தில் வைத்தால் ஒரு கிழமையில் போய்விடும். இடம் அறிந்து வைப்பது வாணிகருக்கு மாத்திரம் உரிய கடமையன்று.