கியர் எத்தனைன்னு கேட்டீங்க, வால்வு என்னன்னு கேட்டீங்களா?

கியர் சைக்கிள் வாங்கப் போறவங்க கடையில் மூணு கேள்வி கேட்பாங்க. கியர் எத்தனை, டிஸ்க் பிரேக் உண்டா, விலையில் எவ்வளவு குறைப்பீங்க. ட்யூபில் என்ன வால்வு இருக்குன்னு கேட்ட ஆளை நான் இதுவரை பார்க்கவில்லை. ஆனால் எங்க பக்கம் ஒரு சைக்கிள் தினமும் ஓடுவதும், மாட்டுக்கொட்டகை மூலையில் சாய்ந்து கிடப்பதும் அந்த விரல் நீளச் சாமானைப் பொறுத்துத்தான் இருக்கு.

எங்க ஊர் கப்பலூர். மதுரையில் இருந்து திருமங்கலம் போகிற நாலுவழிச் சாலையில், டோல்கேட் தகராறு என்று பேப்பரில் அடிக்கடி வருமே, அதே ஊர்தான். ஒரு பக்கம் சிட்கோ தொழிற்பேட்டை, மில்லு. இன்னொரு பக்கம் வயலும் கண்மாயும். தார் ரோட்டில் போகிறவரை டயருக்குப் பெரிய தொந்தரவு இல்லை. கண்மாய்க் கரையில் இறங்கினால்தான் சோதனை. சீமைக்கருவேலத்தை வெட்டச் சொல்லி 2017-ல் ஐகோர்ட் மதுரைக் கிளை உத்தரவு போட்டபோது கொஞ்ச நாள் ஜேசிபி ஓடியது. தூரோடு எடுக்காமல் விட்டால் மறுபடி துளிர்க்கிற மரம் அது. வெட்டிப் போட்ட கிளை காய்ந்தால் முள் இன்னும் கெட்டியாகும். மழை முடிஞ்சதும் நெருஞ்சி வேறு. மலை ஏறுகிற டயர், பல்லு பல்லா இருக்குன்னு நம்பிப் பிரயோசனம் இல்லை. பல்லுக்கு நடுவில் ரப்பர் மெல்லிசுதான், முள் அங்கேதான் இறங்கும்.

அதனால பஞ்சர் ஆகுமா ஆகாதான்னு பேசுறதே வீண். ஆனபிறகு எவ்வளவு நேரத்தில் வண்டி கிளம்பும், அதைத்தான் பார்க்கணும்.

என் தங்கச்சி மகன் ஒரு கம்பெனியில் ஷிப்டு வேலைக்குப் போறான். செகண்ட் ஹேண்டில் நல்ல விலையுள்ள மவுண்டன் சைக்கிள் ஒன்று வாங்கி வந்தான். ஒருநாள் விடிகாலையில் முன் சக்கரத்தில் காத்து இல்லை. பங்க்குக்கு உருட்டிக்கொண்டு போனால் அங்கே உள்ள குழாய் பொருந்தவில்லை. வீட்டுப் பம்பும் பொருந்தவில்லை. பஞ்சர் கடை அண்ணன் பார்த்துவிட்டு, "தம்பி, இதுக்கு என்கிட்ட சாமான் இல்லையே" என்று சொல்லிவிட்டார். நடந்தே போய்ச் சேர்ந்தான், அரைநாள் சம்பளம் பிடித்துக்கொண்டார்கள். ட்யூபில் ஓட்டைகூட இல்லை. வெறும் காத்து அடிக்க வழியில்லாமல் போன கூலி அது. "மாமா, என்ன வால்வு மாமா இது?" என்று அவன் கேட்டதுக்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

அது பிரெஸ்டா. பென்சில் மாதிரி ஒல்லியாக, தலையில் சின்னத் திருகோடு இருக்கும். திருகைத் தளர்த்திவிட்டுத்தான் காத்து அடிக்கணும். பிரெஞ்சுக்காரர் வால்வு என்றும் சொல்வார்கள். பந்தய சைக்கிளின் ஒல்லி ரிம்முக்குச் சின்னத் துளை போதும், காத்தும் அதிக அழுத்தத்தில் நிற்கணும். அங்கே அது சரி. மண்பாதையில் ஓடுகிற தடி டயருக்கு எங்க ஊர்ல அது எதுக்கு? பித்தளையில் குண்டு மாதிரி ஒரு அடாப்டர் வருது, மாட்டினால் பங்க்கிலேயே காத்து பிடிக்கலாம். விலையும் ரொம்ப இல்லை. ஆனால் சுண்டைக்காய் அளவு சாமான் அது. தேவைப்படுகிற அன்றைக்குச் சட்டைப்பையில் இருக்காது.

இரண்டாவது, நாம் எல்லாரும் பழகின பழைய சைக்கிள் வால்வு. 1888-ல் காத்து டயர் செய்த டன்லப் பேரைத்தான் இதற்கும் வைத்திருக்கிறார்கள். உள்ளே வால்பாடி, அதன்மேல் ஒரு துண்டு வால்ட்யூப். மில்லுக்கு ஷிப்டு போன எங்க அப்பா காலத்து ஆட்கள் முழுக்க இதில்தான் ஓட்டினார்கள். இதைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது. கெட்டுப்போனால் ஒரு இஞ்ச் ரப்பரைச் செருகி ஓட்டிவிடலாம், அந்த மாதிரி ரிப்பேர் வேறெதிலும் கிடையாது. ஆனால் சித்திரை வெயிலில் அந்த ரப்பர் வெடித்துவிடுகிறது. பங்க்கின் குழாயும் இதில் உட்காராது, கைப்பம்புதான் கதி. கைப்பம்பு ஒரு காலத்தில் தெருவுக்கு நாலு வீட்டில் இருந்தது. இப்போ எங்க தெருவில் என்னோடது ஒன்றுதான். வாஷர் மாற்றி மாற்றி ஓட்டுகிறேன்.

மூன்றாவதுதான் என் கட்சி. ஷ்ரேடர், நம்ம பாஷையில் மோட்டார் வால்வு. 1893-ல் அமெரிக்காவில் காப்புரிமை வாங்கின சாமான். டூவீலர், கார், டிராக்டர் எல்லாத்துக்கும் அந்த வாய்தான். நடுவில் ஊசி, மேலே மூடி. நாலுவழிச் சாலையில் எந்த பங்க்கிலும் எந்நேரமும் காத்து கிடைக்கும். ஊசி கெட்டால் டூவீலர் கடையில் வேறு போட்டுத் தருவார்கள். ஒன்று மட்டும் கவனம்: லாரிக்கு அடிக்கிற அழுத்தம் சைக்கிள் ட்யூபை நொடியில் வெடிக்க வைத்துவிடும். விட்டு விட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கச் சொல்லுங்க. மண்பாதைக்கு 30, 35 பவுண்டு, தார் ரோட்டுக்கு 45 வரை நான் வைக்கிறேன். டயர் ஓரத்தில் உச்ச அளவு அச்சடித்திருக்கும், அதைத் தாண்டக் கூடாது. ரொம்பக் குறைத்தாலும் வம்பு. கல்லில் ஏறும்போது ட்யூப் ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவில் நசுங்கிப் பாம்பு கடித்த மாதிரி இரண்டு ஓட்டை விழும்.

பழைய வால்வில் இருந்து மோட்டார் வால்வுக்கு மாற ரிம்மில் ஒன்றும் செய்ய வேண்டாம். இரண்டுக்கும் துளை ஏறக்குறைய 8 மில்லிமீட்டர்தான். பிரெஸ்டா துளை 6 சொச்சம். மவுண்டன் சைக்கிளின் அகல ரிம் என்றால் துளையைப் பெரிசாக்கிப் பிசிறை அரத்தால் தேய்த்துவிடலாம். ஒல்லி ரிம்மில் அந்த வேலை வேண்டாம், ரிம் வீணாகிவிடும். மருமகன் சைக்கிளுக்கு அப்படித்தான் செய்தோம்.

அளவு விஷயத்தில் கடைக்காரர்களே குழப்புகிறார்கள். பழைய சைக்கிளில் 22 இஞ்ச், 24 இஞ்ச் என்று சொல்வது பிரேம் உயரம், சக்கரம் 28. கியர் சைக்கிளில் 26, 27.5, 29 என்று சொல்வது சக்கரம். அந்த 26-லும் இரண்டு ஜாதி உண்டு. மவுண்டன் சைக்கிளில் 26×1.95 என்று புள்ளி வைத்து எழுதியிருக்கும். லேடீஸ் சைக்கிளில் 26×1⅜ என்று பின்னமாக வரும். டயரை ஒன்றுக்கொன்று மாற்றவே முடியாது, ரிம்மே வேறு. ட்யூபை இழுத்துப் போட்டால் ஏறிவிடும். ஆனால் ஒல்லி ட்யூப் தடி டயருக்குள் பலூன் மாதிரி விரிந்து மெலிந்து நிற்கும், முள்ளுக்கு ரொம்பச் சுலபம். டயர் ஓரத்தில் 50-559 மாதிரி இன்னொரு நம்பர் இருக்கும், அதைக் காட்டி வாங்கினால் தவறாது. கனமான ட்யூப் இருந்தால் அதையே எடுங்க. எடை கூடினால் கூடட்டும், நாம் என்ன பந்தயத்துக்கா போறோம்?

ட்யூப்லெஸ் போடச் சொல்லி டவுனில் சிலர் ஆலோசனை சொல்றாங்க. உள்ளே ஊற்றுகிற பால் நம்ம வெயிலுக்குச் சீக்கிரம் காய்ந்துவிடும், திரும்பத் திரும்ப ஊற்றணும். அதைச் செய்ய ஆள் எங்கே இருக்கு?

அரசாங்கத்துக்கும் ஒரு வார்த்தை. பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வருஷா வருஷம் இலவச சைக்கிள் தருகிறீர்கள், நல்ல திட்டம். எங்க தெருப் பெண்பிள்ளைகள் பள்ளிக்கூடம் போவதே அதில்தான். நான் பார்த்தவரை அதில் வருவது பழைய வால்வு. காத்து இறங்கினால் அப்பாவோ அண்ணனோ வந்து பார்க்கிறவரை வண்டி நிற்குது, பிள்ளை பஸ்ஸுக்கு ஓடுது. டெண்டரில் மோட்டார் வால்வு ட்யூப் என்று ஒரு வரி சேர்த்தால் என்ன? துளை அதே துளைதான். பள்ளிக்கூடம் போகிற வழியில் உள்ள பங்க்கில் அந்தப் பிள்ளையே காத்து பிடித்துக்கொள்ளும்.

ட்யூப் மாற்றுகிறவர்கள் ஒன்று மறக்காதீங்க. புதுசை உள்ளே வைக்கும் முன் டயரின் உள்பக்கம் துணியால் சுற்றித் துடைங்க. பழைய முள்ளின் நுனி அங்கேயே ஒடிந்து நிற்கும். விரலால் தடவினால் விரலைக் கிழிக்கும், துணி என்றால் மாட்டிக் காட்டிக் கொடுக்கும்.